மயக்க மருந்து பற்றிய பயமும் உண்மையும்: மூட்டு மாற்று அறுவைக்குத் தயாராகும் ஒரு குடும்பத்துக்கு விரிவான பதில்

கேட்கப்பட்டிருக்கும் கேள்வி இதுதான். அம்மாவுக்கு 67 வயது. பல வருடங்களாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்தாகிவிட்டது; முதுகில் ஊசி போட்டுச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்தால் திரும்பக் கண் விழிப்பேனா என்று அம்மாவே கேட்கிறார். இரண்டில் எது பாதுகாப்பானது, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மயக்கவியல் மருத்துவராக இந்தக் கேள்வியை அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் ஏதாவது ஒரு வடிவில் தினமும் கேட்கிறேன். உங்கள் அம்மாவின் வயதிலும் இதே நோய்களுடனும் முழங்கால் மாற்று அறுவை செய்துகொள்பவர்கள் ஏராளம். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மயக்கத்தால் எந்தக் கேடும் இல்லாமல் வீடு திரும்புகிறார்கள். ஆபத்து இல்லவே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆபத்தில் குறைக்கக்கூடிய பங்கு ஒன்று உண்டு. அதில் பெரும்பகுதி, மருந்தைச் செலுத்தும் மருத்துவருக்கு உங்கள் அம்மாவைப் பற்றி என்னென்ன தெரியாமல் போகிறது என்பதைப் பொறுத்தது. அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார், இதற்கு முன் மயக்கம் கொடுத்தபோது அவருக்கோ ரத்த உறவினர் யாருக்கோ என்ன நடந்தது ஆகிய மூன்றையும் முழுமையாகச் சொல்லிவிட்டால், குடும்பத்தால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியைச் செய்துவிட்டீர்கள்.

முதலில் "கண் விழிப்பேனா" என்ற பயம். மயக்க ஊசி என்றால் ஒரே தடவை போட்டுவிட்டு, அது தானாகத் தெளியும் வரை காத்திருப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. முழு மயக்கத்துக்கு இன்று அதிகம் பயன்படும் புரோபோஃபால் என்ற, பால் போல் வெள்ளையான மருந்தைக் கையிலுள்ள ரத்தக் குழாயில் ஒருமுறை செலுத்தினால் அதன் மயக்கம் ஐந்து முதல் பத்து நிமிடம்தான் நீடிக்கும். ஆகவே அறுவை முடியும் வரை செவோஃப்ளூரேன் போன்ற வாயுவை மூச்சின் வழியாகவோ, புரோபோஃபாலையே பம்ப் மூலமாகவோ தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கொடுப்பதை நிறுத்தினால் நோயாளி விழித்துக்கொள்வார். மயக்கவியல் மருத்துவர் ஊசி போட்டுவிட்டு வெளியே போய்விடுவதில்லை. அறுவை முடியும் வரை நோயாளியின் தலைமாட்டிலேயே இருந்து, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைப் பார்த்து நிமிடத்துக்கு நிமிடம் மருந்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கண்காணிப்புதான் பழைய காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று ஊரறியக் காட்டினார். அடுத்த ஆண்டு குளோரோஃபார்ம் வந்தது. அதற்கடுத்த ஆண்டே, 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இறந்துபோனாள். அன்றைக்கு மருத்துவரிடம் இருந்தவை தன் கண்ணும், நாடியைப் பிடித்த விரலும் மட்டுமே. உடலில் ஆக்சிஜன் குறைவதை உதடு நீலம் பாரித்த பிறகே தெரிந்துகொண்டார்கள். 1974-இல் ஜப்பானில் டகுவோ அயோயகி பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையைக் கண்டறிந்தார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே கருவிதான். அறுவை அரங்கில் அது ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு ஒலி எழுப்பும். ஆக்சிஜன் அளவு குறையக் குறைய அந்த ஒலியின் சுதி இறங்கும். திரையைப் பார்க்காமல் வேறு வேலையில் இருந்தாலும், சுதி இறங்கிய மறுகணமே எங்கள் கை வேலையை நிறுத்திவிடும்.

எண்ணிக்கையில் சொல்வதென்றால், உடல்நிலை ஓரளவு நன்றாக இருப்பவர்கள் மயக்கத்தின் காரணமாகவே இறப்பது வளர்ந்த நாடுகளில் ஏறத்தாழ 1 லட்சத்தில் 1 என்ற அளவில்தான் இருக்கிறது. வயது, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, அவசர அறுவை இவையெல்லாம் சேரச் சேர அந்த அளவு கூடும். பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி நாடு முழுவதும் நடத்திய தணிக்கைகளில் ஒன்று 2023-இல் வெளியானது. அறுவையின்போதோ அதையொட்டிய நேரத்திலோ இதயம் நின்றுபோவது ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு நேர்கிறது என்றும், அவர்களில் நான்கில் மூன்று பேரின் இதயம் உடனடிச் சிகிச்சையில் மீண்டும் இயங்கியது என்றும் அது கண்டது. இதில் ரத்தப்போக்கு, ஏற்கெனவே முற்றிய நோய், அவசர அறுவை என எல்லாக் காரணங்களும் அடக்கம். இந்தக் கணக்குகள் வேறொரு நாட்டுடையவை. வசதி குறைந்த இடங்களில் ஆபத்து இதைவிட அதிகம். அதனால்தான் எந்த மருத்துவமனையில், எந்தக் கருவிகளோடு, யார் மயக்கம் கொடுக்கிறார் என்று கேட்பது உங்கள் உரிமை என்கிறேன்.

இனி முதுகு ஊசிக்கு வருகிறேன். அம்மாவை மேசையில் உட்கார வைத்தோ ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, தாடையை நெஞ்சோடு ஒட்டி, தோளைத் தளர்த்தி, இடுப்புப் பக்கம் முதுகை வெளியே தள்ளச் சொல்வார்கள். அப்படி வளையும்போதுதான் எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி திறக்கும். குளிர்ந்த மருந்தால் முதுகைத் துடைப்பார்கள். பிறகு தோலை மரத்துப்போகச் செய்யும் சிறு ஊசி ஒன்று சுருக்கென்று வலிக்கும். அதன் பிறகு போடும் ஊசி அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அது உள்ளே போவது அழுத்தமாகத் தெரியுமே தவிரப் பெரிதாக வலிக்காது. தண்டுவடம் இடுப்புக்கு மேலே, முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, நரம்பு இழைகள் திரவத்தில் மிதக்கும் இடத்தில் போடப்படுகிறது. இரண்டு மூன்று மில்லிலிட்டர் மருந்து உள்ளே போன சில நொடிகளில் பாதம் வெதுவெதுப்பாகும், தொடை கனக்கும், ஐந்து நிமிடத்துக்குள் காலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. முன்கூட்டியே சொல்லப்படாதவர்கள் அந்த நேரத்தில் கால் போய்விட்டது என்று பதறுகிறார்கள். அம்மாவிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உணர்வு படிப்படியாகத் திரும்பிவிடும்.

வலி இருக்காதே தவிர, தொடுவதும் இழுப்பதும் தெரியும், சத்தமும் கேட்கும். மூட்டு மாற்று அறுவையில் எலும்பை அறுப்பார்கள், சுத்தியலால் தட்டுவார்கள். அந்தச் சத்தம் வேண்டாம் என்றால், முதுகு ஊசியோடு சேர்த்து லேசாகத் தூங்க வைக்கும் மருந்தையும் கேட்டுப் பெறலாம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலேயே முழு மயக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு.

முதுகுவலி பற்றிய நம்பிக்கை நம் ஊரில் மிக ஆழமானது. பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்ட பெண்கள், பத்து வருடம் கழித்து வரும் வலிக்கும் அந்த ஊசியையே காரணம் சொல்கிறார்கள். ஊசி குத்திய இடம் இரண்டொரு நாள் தொட்டால் வலிக்கும் என்பது உண்மை. ஆனால் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நாள்பட்ட முதுகுவலியில் இரு பிரிவினருக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கர்ப்ப காலத்தில் இடுப்புத் தசைநார்கள் தளர்வதும், குழந்தையைக் குனிந்து தூக்கித் தூக்கி முதுகு அசதியடைவதும், வயதோடு வரும் எலும்புத் தேய்மானமும் அந்த வலிக்குப் போதுமான காரணங்கள். முழங்கால் தேய்ந்து, வருடக்கணக்கில் சாய்ந்து சாய்ந்து நடந்த ஒருவருக்கு முதுகுவலி ஏற்கெனவே இருப்பதில் வியப்பில்லை. இப்போதே வலி இருக்கிறதென்றால் பரிசோதனையின்போதே அதைச் சொல்லிக் குறிப்பில் எழுத வைத்துவிடுங்கள்.

முதுகு ஊசிக்கே உரிய தொந்தரவுகள் வேறு. ஊசி போட்ட சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கி, குமட்டலும் கண் இருட்டுவதும் வரலாம். அப்படி வந்தால் உடனே சொல்ல வேண்டும், மருந்து கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சரியாகும். உடல் நடுங்கும். சில மணி நேரத்துக்குச் சிறுநீர் கழிக்க முடியாமல் போகலாம். இன்னொன்று தலைவலி. 1898-இல் ஜெர்மனியில் முதுகு ஊசி முறையைத் தொடங்கிய ஆகஸ்ட் பீர் அதைத் தன் உடலிலேயே சோதிக்க முயன்று, இந்தத் தலைவலியால் பல நாள் அவதிப்பட்டார். எழுந்து உட்கார்ந்தால் தலை வெடிப்பது போல் இருக்கும், படுத்தால் குறையும். அதுதான் இதன் அடையாளம். ஊசித் துளை வழியே தண்டுவடத் திரவம் கசிவதால் வருவது இது. இன்றைய மெல்லிய, பென்சில் முனை ஊசிகளால் நூற்றில் ஒருவருக்கு வருவதே அரிதாகிவிட்டது, வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. தானாகத் தீராவிட்டால், நோயாளியின் ரத்தத்தையே சிறிதளவு எடுத்து முதுகில் அந்த இடத்தில் செலுத்தித் துளையை அடைக்கும் சிகிச்சை உண்டு.

எல்லோரும் பயப்படுவது கால் செயலிழப்பதற்கு. பிரிட்டனில் 2009-இல் வெளியான தணிக்கையில், முதுகு வழியாகக் கொடுக்கப்படும் மயக்கங்களால் நிரந்தரப் பாதிப்பு ஏற்படுவது மிக மோசமாகக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 23,500 பேரில் ஒருவருக்கு என்று தெரிந்தது. இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து, தேங்கி, நரம்பை அழுத்துவது. அந்த அழுத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து நீக்காவிட்டால் கால் திரும்பாது. இங்கேதான் மாத்திரைப் பட்டியல் உயிர்நாடியாகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கான மாத்திரை மூன்றையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள். வீட்டில் அதைக் "கொழுப்பு மாத்திரை" என்றோ "ஹார்ட் மாத்திரை" என்றோ மட்டும் சொல்லிப் பழகியிருப்பார்கள். குளோபிடோக்ரெலைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளுக்கு முன்பே நிறுத்தினால்தான் முதுகு ஊசி போட முடியும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தன்னிச்சையாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு மாரடைப்பு வரலாம். எனவே இதய மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. மருந்துக்கடையிலோ பக்கத்து வீட்டிலோ கேட்டு முடிவெடுப்பதற்குரியது அன்று. அறுவைக்குப் பிறகு, உணர்வு திரும்பிய காலில் மறுபடியும் பலவீனம் கூடினாலோ, கடுமையான முதுகுவலி தொடங்கினாலோ, விடியட்டும் என்று பொறுத்திருக்காமல் அந்த நிமிடமே செவிலியரை அழையுங்கள்.

முதுகு ஊசியா முழு மயக்கமா என்ற கேள்விக்கு, முழங்கால் மாற்று அறுவையில் பெரும்பாலான இடங்களில் முதல் தேர்வு முதுகு ஊசிதான். அறுவை முடிந்த முதல் சில மணி நேரம் வலி இருக்காது, குமட்டல் குறைவு, தொண்டைக்குள் குழாய் தேவையில்லை. தொடையில் போடும் நரம்புத் தடுப்பு ஊசியையும் சேர்த்தால் அடுத்த நாள் நடக்க வைக்கும்போது வலி தாங்கும்படி இருக்கும். அதற்காக முழு மயக்கத்தை அபாயமானது என்று ஒதுக்கவும் கூடாது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. 60 நாட்களுக்குள் இறப்பது, நடக்க முடியாமல் போவது, அறுவையை அடுத்து வரும் மனக்குழப்பம் ஆகியவற்றில் இரண்டு முறைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்றே அது காட்டியது. முதுகெலும்பு மிகவும் வளைந்திருப்பவர், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர், இதய வால்வு மிகவும் சுருங்கியவர் போன்றோருக்கு முழு மயக்கமே நல்லதாக இருக்கலாம். தனக்கு நன்றாகப் பழகிய ஒரு முறையை, காரணத்தைச் சொல்லி உங்கள் மருத்துவர் பரிந்துரைத்தால், உறவினர் பேச்சைக் கேட்டு அதை மாற்றச் சொல்ல வேண்டாம்.

முழு மயக்கத்தில் மிகக் கவனமான நேரம், நோயாளி தூங்கியதற்கும் மூச்சுக்குழாய் பொருத்தி முடிப்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து எவ்வளவு நிமிர்கிறது, பற்கள் ஆடுகின்றனவா என்று பரிசோதனையில் பார்ப்பது இதற்காகத்தான். வெற்றிலையில் புகையிலையும் பாக்கும் சேர்த்துப் பல வருடம் போட்டவர்களுக்கும், பான் மசாலா பழக்கம் உள்ளவர்களுக்கும் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போயிருக்கும். அது முன்பே தெரிந்தால், நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கின் வழியே கேமரா விட்டுக் குழாய் பொருத்த ஏற்பாடு செய்துகொள்ளலாம். தூங்க வைத்த பிறகு தெரிந்தால் அது உயிருக்குப் போராடும் நேரமாகிவிடும். பழக்கத்தைச் சொல்ல வெட்கப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் கேட்கும்போது பிள்ளைகள் வெளியே போய்விட்டு, அவர்களைத் தனியாகப் பேச விடுங்கள்.

தொண்டை கரகரப்பு, ஒன்றிரண்டு நாள் குரல் மாற்றம் ஆகியவை சாதாரணம். அறுவைக்கு நடுவில் நினைவு திரும்பிவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 2014-இல் வெளியான பிரிட்டன் தணிக்கையில் இப்படிச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நடந்தது மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோதான். அப்படி யாருக்கேனும் நினைவு இருந்தால், கனவு என்று யாரும் தட்டிக் கழிக்காமல், மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மனதளவில் அது ஏற்படுத்தும் பாதிப்பு உண்மையானது.

வெறும் வயிறு பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததாக நினைத்து அதிகம் பிசகுவது இதில்தான். மயக்கத்தில், விழுங்குவதையும் இருமுவதையும் காக்கும் அனிச்சைச் செயல்கள் அடங்கிவிடுகின்றன. இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால், உணவுத் துணுக்கு அடைப்பதோடு அமிலமும் நுரையீரலை எரித்துவிடும். பொதுவான விதி, அறுவைக்கு 6 மணி நேரம் முன்பு வரை எளிய உணவு, 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 4 மணி நேரம். எண்ணெயில் பொரித்ததோ பிரியாணி, கறிக் குழம்பு போன்றதோ என்றால் 8 மணி நேரமும் அதற்கு மேலும் வேண்டும். பால் இரைப்பையில் திரிந்து கெட்டியாகிவிடுவதால் பால் சேர்த்த காபி, டீ, ஹார்லிக்ஸ் எல்லாம் உணவுக் கணக்கில்தான் சேரும், கஞ்சியும் அப்படியே. "ஒண்ணும் சாப்பிடலை டாக்டர்" என்பவரிடம், காபி குடித்தீர்களா என்று தனியாகக் கேட்டால், "அது அரை டம்ளர்தான்" என்று பதில் வரும். அந்த அரை டம்ளர் காபியால் அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதை மறைத்தால் நுரையீரல் பாழாகலாம். யாரும் திட்டமாட்டார்கள், திட்டினாலும் சொல்லிவிடுங்கள். முதுகு ஊசிக்கும் இதே விதிதான், ஏனென்றால் ஊசியின் பலன் போதாமல் போனால் நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. மதியம் அறுவை என்று தெரிந்தும் முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். சர்க்கரை உள்ள முதியவருக்கு அது வறட்சியையும், சர்க்கரை தாழ்வதையும், முதுகு ஊசிக்குப் பின் ரத்த அழுத்தம் மடமடவென்று இறங்குவதையும் கொண்டுவரும். எத்தனை மணிக்கு அறுவை, எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட காலச் சர்க்கரை நோயில் இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால், சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, முந்தைய நாள் சாப்பாடு எதுக்களிப்பது போன்ற தொந்தரவுகள் அம்மாவுக்கு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாராவாரம் போடும் செமாக்ளூடைட் ஊசியும் இரைப்பையை இதேபோல் மந்தமாக்கும்.

சர்க்கரை மாத்திரைகளில் நான் இப்போது அதிகம் கவலைப்படுவது டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவற்றைப் பற்றி. விலை குறைந்த பிறகு இவை மிகவும் பரவிவிட்டன. மெட்ஃபார்மினோடும் வேறு மருந்துகளோடும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்தும் வருகின்றன. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்து அறுவைக்குப் போனால், ரத்தத்தில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே அமிலம் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். சர்க்கரை அளவு சரியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். பொதுவாக அறுவைக்கு 3 நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மினை அறுவையன்று காலை மட்டும் தவிர்த்தால் பெரும்பாலும் போதும். இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது, அளவைக் குறைத்துத் தருவார்கள். ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது தவறு. அறுவையன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரோடு சாப்பிடச் சொல்வார்கள். டெல்மிசார்டன் போன்றவற்றை முந்தைய நாளோடு நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. பெயர் நினைவில்லை என்றால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள், மூட்டுவலிக்காக ஊரில் யாரோ கொடுத்த பொடி, எல்லாம் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவரின் உடல் அறுவையின் அழுத்தத்தைத் தாங்கத் தனியே மருந்து தேவைப்படும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி 8 அல்லது 8.5-க்கு மேல் இருந்தால், அவசரமில்லாத மூட்டு மாற்று அறுவையைத் தள்ளிவைக்கப் பல மருத்துவமனைகள் சொல்லும். புதிய மூட்டில் கிருமி தொற்றும் அபாயம் அதிகம் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தாலும் தள்ளிவைப்பது வழக்கம். விடுப்பு எடுத்து, பணம் கட்டி, ஊரிலிருந்து ஆள் வந்த பிறகு தள்ளிவைத்தால் கோபம் வருவது இயல்புதான். அப்படித் தள்ளிவைக்கும் மருத்துவர் உங்கள் பக்கம் நிற்பவர்.

குடும்ப வரலாற்றில் இரண்டு விஷயங்களைக் குறிப்பாகக் கேட்டுப் பாருங்கள். மயக்கத்தின்போது உறவினர் யாருக்காவது உடல் திடீரென்று கொதித்துத் தசைகள் விறைத்தனவா என்பது ஒன்று. அது மரபு வழி வரும் அரிய கோளாறு. சில வாயுக்களையும் சக்ஸமெத்தோனியம் என்ற தசை தளர்த்தியையும் தவிர்த்துவிட்டால் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்க முடியும். மற்றொன்று, அறுவை முடிந்தும் மணிக்கணக்கில் மூச்சு திரும்பாமல் யாரையாவது செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தார்களா என்பது. ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துவிடும் அதே சக்ஸமெத்தோனியம், அதை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குப் பல மணி நேரம் நீடிக்கும். ஆரிய வைசிய சமூகத்தவரிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவது ஆய்வுகளில் உறுதியானது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் சமூகத்தைக் கேட்டால் அதற்குக் காரணம் இதுதான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வாமையைப் பொறுத்தவரை, அறுவை அரங்கில் கடுமையான ஒவ்வாமைக்கு மயக்க மருந்தைவிட ஆன்டிபயாட்டிக் ஊசியே அதிகம் காரணமாகிறது. எந்த மாத்திரைக்கு எப்போது தடிப்பு வந்தது, முகம் வீங்கியது என்பதைக் குறித்துக் கொடுங்கள்.

கையெழுத்து விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒப்புதல் படிவத்தை மகனிடமோ மருமகனிடமோ நீட்டிவிடுவது பழக்கமாகிவிட்டது. நினைவோடு இருக்கும் பெரியவரின் உடலுக்கு அவரேதான் ஒப்புதல் தர வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மயக்கத்தின் ஆபத்துகளை மயக்கவியல் மருத்துவர் அம்மாவுக்குப் புரியும் தமிழில் அம்மாவிடமே சொல்லட்டும். அவர் தன் சந்தேகங்களைக் கேட்கட்டும். பாதிப் பயம் அந்தப் பேச்சிலேயே தணிந்துவிடும்.

அறுவையன்று காலை பல்செட்டைக் கழற்ற வேண்டும், நகப்பூச்சை நீக்க வேண்டும், நகைகளும் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னால் பல அம்மாக்கள் கலங்கிப்போகிறார்கள். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி பயன்படும்போது உடலில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடும் வாய்ப்பு உண்டு என்பதால்தான் சொல்கிறார்கள். முந்தைய இரவே வீட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்தால் அந்தக் கடைசி நேரக் கலக்கம் இருக்காது. மெட்டியும் மூக்குத்தியும் இறுகிப்போயிருந்தால் இரண்டு நாள் முன்பே சோப்பு போட்டுத் தளர்த்திப் பாருங்கள்.

அறுவைக்குப் பிறகு இந்த வயதில் நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது மனக்குழப்பத்தை. முதல் இரண்டு மூன்று இரவுகளில் சில முதியவர்கள் இடம் தெரியாமல் பேசுவார்கள், இறந்துபோனவரைக் கூப்பிடுவார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். முன்பே மறதி நோய் இருந்தவர்களுக்கு நீடிக்கலாம். வலி, தூக்கமின்மை, சிறுநீர்த் தொற்று, உடலில் உப்பு குறைவது, மலச்சிக்கல் எல்லாம் அதைத் தூண்டும் என்பதால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மயக்கம் தெளிந்ததும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள். அவருக்கு நன்றாகப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து, இது எந்த இடம், என்ன கிழமை, எந்த அறுவை நடந்தது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு இணையான மருந்து இல்லை. கால் உணர்வு முழுவதும் திரும்பும் வரை தனியாக எழ விடாதீர்கள்; கழிவறைக்குப் போக எழுந்து விழுவதுதான் முதல் நாளின் பெரிய விபத்து.

வீட்டுக்குக் கிளம்பும்போது, எந்த மயக்கம் கொடுக்கப்பட்டது, முதுகு ஊசி எளிதாகப் போனதா, மூச்சுக்குழாய் பொருத்துவதில் சிரமம் இருந்ததா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லையா என்பதை டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இரண்டு முழங்காலிலும் இருக்கும் என்பதால், அடுத்த கால் அறுவைக்கு அம்மா திரும்ப வரும்போது அவரைப் பார்க்கும் மருத்துவர் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான்.